மஞ்சள் படகன் கறுத்த கதை

படகன் கெட்டவனாக மாறிய படம் வெளியான அன்று, காலைக் காட்சியில், இடைவேளைக்குச் சற்று முன்னால், செங்கேணிமேட்டிலிருந்து படம் பார்க்கப் போயிருந்தவர்களில் சிலருடைய உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. முதலில் தையல்கடை பக்கிரிசாமியின் காதுமடலிலிருந்து சொட்டியது. ஏசி ஒழுகுகிறதென்று அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கைக்கு மாறி உட்கார்ந்தார். பிறகு இடியாப்பக்கார ஜுலைகாவின் முக்காட்டு நுனியிலிருந்து, பிறகு அவளுக்குப் பின்னால் இருந்தவர்களின் சட்டைக் கைகளிலிருந்து, முழங்கைகளிலிருந்து, மோவாய்களிலிருந்து. காலியான பாப்கார்ன் பொட்டலங்கள் மிதந்து மிதந்து முன்வரிசைக்கு வந்து சேர்ந்தபோதுதான் அங்கே உட்கார்ந்திருந்த அம்சவேணி திரும்பிப் பார்த்தாள். சொட்டுகிறவர்கள் யார் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அத்தனை பேரும் பெருவெள்ளத்தின்போது அவளுடைய அண்ணன் தணிகாசலம் படகில் ஏற்றிக் கரைசேர்த்தவர்கள்.

திரையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த காட்சி இதுதான்: ஊரே வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கிறது. குழந்தைகள் பைகளிலும் தண்ணீர் பாட்டில்களிலும் வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய மஞ்சள் கோட்டுப் படகன், அந்தக் கோட்டு சேற்றில் ஊறிக் கறுத்துப்போக, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களின் விரல்களைத் துடுப்பால் ஒவ்வொன்றாக அடித்து விலக்குகிறான். கூரைமேல் ஒரு கிழவி கையை நீட்டுகிறாள். அவன் அவளை நின்று நிதானமாகப் பார்க்கிறான். "எல்லாருக்கும் இடமில்ல" என்கிறான். படகைத் திருப்புகிறான்.

தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் வந்த கார்ட்டூனில் அவன் சொன்னது வேறு. "ஏறுங்க, எல்லாருக்கும் இடமிருக்கு" என்பான். அந்த ஒரு வரிக்காகவே பிள்ளைகள் பல் தேய்க்காமல் வந்து உட்காருவார்கள். அது கார்ட்டூனுக்காக யாரும் யோசித்து எழுதிய வசனமில்லை. வெள்ளத்தன்று தணிகாசலம் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனது.

தணிகாசலம் வீடுவீடாக கேஸ் சிலிண்டர் போட்டுக்கொண்டிருந்தவன். தோள் இரண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும். ஆறு கரையை உடைத்துக்கொண்டு செங்கேணிமேட்டுக்குள் வந்த அன்று, மொட்டைமாடியிலிருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை இரண்டாக அறுத்து, பாதியைப் படகாக்கி, மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தங்கச்சியை முதல் நடையிலேயே ரயில்வே பாலத்துக்கு அப்பாலிருந்த சர்ச்சில் இறக்கிவிட்டு, திரும்பத் திரும்பப் போனான். கடைசியாகப் போன தடவை வரவில்லை. தண்ணீர் வடிந்தபிறகு, ஆறு வளைகிற இடத்தில், முள்வேலியில் கோட்டு மாட்டிக்கொண்ட நிலையில் கிடைத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் கிருபாகரன் வந்தான். தணிகாசலத்தோடு ஒன்றாய்ப் பள்ளிக்கூடம் போனவன், அதே தெருவுக்காரன், நன்றாகப் படம் வரைவான். வெள்ளத்தில் அவனும் தாயைப் பறிகொடுத்திருந்தான். "உங்க அண்ணன்தான் என்னை இழுத்துப் படகுல போட்டான் அம்சா. இந்தக் கையைத்தான் புடிச்சான்" என்று தன் வலது மணிக்கட்டைக் காட்டி அழுதான். அண்ணன் கடைசியாகத் தொட்ட கைகளில் அது ஒன்று என்று நினைத்து அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விடவில்லை. கல்யாணமாகி அவளுடைய வீட்டிலேயே இருவரும் குடியிருந்தார்கள். அவள் அண்ணனைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவன் வரைந்தான். அப்படித்தான் மஞ்சள் படகன் பிறந்தான். அவனுக்குத் துணையாகக் கயிறு வீசிக் காப்பாற்றும் கண்ணாத்தா பிறந்தாள். எந்த மாடிக்கும் எட்டுகிற ஏணியோடு எட்டியப்பன் பிறந்தான். மாநிலமெங்கும் பிள்ளைகள் மழை வந்தால் மஞ்சள் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடினார்கள்.

படம் எடுக்கப்போவதாகச் சொன்னபோது, "இது பெரியவங்களுக்கான படம், கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்" என்று மட்டும் கிருபாகரன் சொல்லியிருந்தான். வேறு மாதிரி என்றால் கண்ணாத்தா கயிற்றால் ஜனங்களைக் கட்டிப்போடுவாள், எட்டியப்பன் பாதி ஏறினவர்களோடு ஏணியை உருவிக்கொள்வான், படகன் விரல்களை அடிப்பான் என்று அவளுக்குத் தெரியாது. படம் தொடங்குமுன் 'அம்சவேணிக்கு நன்றி' என்று எழுத்து வந்தது. செங்கேணிமேட்டுக்காரர்கள் கைதட்டினார்கள்; கிருபாகரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளும் தட்டினாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்.

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"படம்தானே அம்சா."

"அது எங்கண்ணன்."

"அது நான் வரைஞ்ச பொம்மை. எத்தனை நாளைக்கு நல்லவனாவே வரையறது? ஜனங்களுக்கு அலுத்துப்போச்சு. எனக்கும் அலுத்துப்போச்சு." செருப்பைக் கழற்றியவன், சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டான்: "பக்கிரிசாமிக்கு இன்னுமா சொட்டுது?"

சொட்டிக்கொண்டுதான் இருந்தது. நிற்கவே இல்லை. துவட்டினால் துவட்டின இடத்திலேயே மறுபடி துளிர்த்தது, வெயிலில் நின்றால் வெயிலோடு சேர்ந்து சொட்டியது. டாக்டர் சளிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஏன் சொட்டுகிறது என்று செங்கேணிமேட்டில் ஒருவரும் கேட்கவில்லை; எங்கே சொட்டுவது என்பதுதான் எல்லோருக்கும் பிரச்சினையாக இருந்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் சீட்டின்மேல் பிளாஸ்டிக் விரித்தார்கள். ரேஷன் கடையில் ஈர விரலை ரேகை மெஷின் ஏற்கவில்லை என்பதால் சொட்டாத உறவுக்காரர் ஒருவரைக் கூட அழைத்துவரலாம் என்று ஏற்பாடாயிற்று. கல்யாண வீடுகளில் அவர்களுக்கென்று ஓட்டை போட்ட நாற்காலிகளைக் கடைசி வரிசையில் போட்டார்கள். கொசு ஒழிக்கும் ஆட்கள் வந்து, அவர்கள் காலடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நிற்கக்கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். பக்கிரிசாமி தைத்த ரவிக்கைகள் ஈரத்தோடு வந்தன. வாங்கினவர்கள் கொடியில் போட்டு உலர்த்திக்கொண்டார்கள். ஜுலைகா இடியாப்பத்துக்கு மாவு பிசையும்போது தனியாகத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். இடியாப்பம் முன்னைவிட மிருதுவாக இருக்கிறதென்று வாடிக்கை கூடியது.

ஈரத்துக்கு ஊர் இப்படிப் பழகிக்கொண்டது. ஆனால் ஈரத்தோடு சேர்ந்து இன்னொன்றும் ஊறத் தொடங்கியிருந்தது. அதை அம்சவேணி மெதுவாகத்தான் கண்டுகொண்டாள்.

ஒருநாள் ரவிக்கை வாங்கப் போனவளிடம் பக்கிரிசாமி இடது கைச் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். அது கோணலாக இருந்தது.

"இது எப்படி ஆச்சுன்னு தெரியுமாம்மா?"

"தையல் மிஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லியிருக்கீங்களே."

"அப்படித்தான் இத்தினி நாள் நினைச்சுக்கினு இருந்தேன். படம் பார்த்தப்புறம்தான் ஞாபகம் வருது. உங்கண்ணன் துடுப்பால போட்டான் பாரு ஒரு போடு."

"அண்ணன்கிட்ட துடுப்பே இல்லியே. கதவுக் கட்டையத்தானே வச்சிருந்தான்?"

"கட்டையால அடிச்சா மட்டும் வலிக்காதா?" என்றார் பக்கிரிசாமி. மோவாயிலிருந்து ஒரு சொட்டு அவள் ரவிக்கைத் துணிமேல் விழுந்தது.

"நீங்க படகுல ஏறினீங்களா இல்லியா? கரைக்கு வந்தீங்களா இல்லியா?"

"வந்தேன். வரலைன்னு சொல்லல. ஆனா எப்படி வந்தோம்னு ஒண்ணு இருக்குல்ல."

அதற்குப் பிறகு ஒருவர் மாற்றி ஒருவருக்கு ஞாபகம் வந்தது. அவன் ஒருத்தியின் தாலிக்கொடியைப் பார்த்த பிறகுதான் கை கொடுத்தான் என்றார்கள். சாதி கேட்டான் என்றார்கள். வேண்டியவர்களை முதலில் ஏற்றினான், பாரு, சொந்தத் தங்கச்சியைத்தானே முதலில் கொண்டுபோனான் என்றார்கள். படத்தில் வந்தது ஒன்றும் வராதது ஒன்றுமாகக் கலந்து, சொல்கிறவர்களே அழுகிற அளவுக்குச் சொன்னார்கள். அம்சவேணி முதலில் சண்டை போட்டாள், பிறகு கெஞ்சினாள், பிறகு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவளுக்கு ஒன்று தெரிந்தது: இவர்கள் பொய் சொல்லவில்லை, இளைப்பாறுகிறார்கள். உயிரைக் கொடுத்தவன் ஒருவனுக்கு வருஷாவருஷம் மாலை வாங்கிப் போட்டு, அவன் தங்கச்சி எதிரில் வந்தால் குரலைத் தாழ்த்தி, பிள்ளைகளிடம் அவனைப் போல இரு என்று சொல்லிச் சொல்லி அவர்கள் களைத்துப்போயிருந்தார்கள். அவன் கெட்டவன் என்று ஒருத்தன் படம் பிடித்துக் காட்டியதும் தோளிலிருந்து சிலிண்டரை இறக்கி வைத்தது போல இருந்தது அவர்களுக்கு.

அந்த மாதமே பேருந்து நிழற்குடையில் இருந்த 'தணிகாசலம் நினைவாக' என்ற எழுத்தின்மேல் யாரோ சுண்ணாம்பு அடித்தார்கள். யார் என்று அவள் கேட்கவில்லை. கீழே தரையெல்லாம் ஈரக் கால்தடங்களாக இருந்தன.

கோடை வந்தது. லாரித் தண்ணீர் வரவில்லை. அடிபம்பு காற்றை இறைத்தது. அப்போது பக்கிரிசாமியின் மருமகள், மாமனார் உட்கார்ந்த நாற்காலிக்கடியில் வாளியை வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்வந்து பார்த்தால் வாளி நிரம்பியிருந்தது. வாயில் ஊற்றிப் பார்த்தாள்; மழைத்தண்ணீர் மாதிரி இனித்தது. மறுநாளிலிருந்து சொட்டுகிறவர்கள் எல்லோரும் காலையில் நிழற்குடையில் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார, காலடியில் குடங்களை வைத்துக்கொண்டு ஊரே நின்றது. சொட்டுகிறவர்களுக்குப் புது மரியாதை வந்துவிட்டது. அவர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தார்கள், விசிறிவிட்டார்கள். வெயில் ஏற ஏறச் சொட்டும் வேகமும் கூடியது. வியர்வையா என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். உப்புக் கரிக்கவில்லை என்று மற்றவர்கள் அடக்கிவிட்டார்கள்.

அம்சவேணி அந்த வரிசைக்குப் போகவில்லை. கேன் தண்ணீர் வாங்கினாள். ஆனால் கிருபாகரனோடு கடைத்தெருவுக்குப் போன ஒருநாள், நிழற்குடையைக் கடக்கும்போது, வரிசையில் நின்ற, வெள்ளத்துக்குப் பிறகு ஊருக்குக் குடிவந்த ஒருத்தி கேட்டுவிட்டாள்: "ஏன்ணா, உங்களையும்தானே படகுல ஏத்தினாங்க? உங்களுக்கு மட்டும் ஏன் சொட்டல?"

கிருபாகரன் சிரித்தான். "படம் எடுத்தவனே நான்தானேம்மா. எனக்கு உள்ள இருந்ததெல்லாம் அதுல இறங்கிப்போச்சு."

அதை ஊர் ஒப்புக்கொண்டது. கலைஞன் வேறு, நாம் வேறு என்று சொல்லிக்கொண்டது. அம்சவேணி மட்டும் அவனுடைய மணிக்கட்டைப் பார்த்தாள். வாட்ச் கட்டியிருந்தான். தோல்பட்டை, புதுசாக, விறைப்பாக, ஒரு துளி படாமல் இருந்தது.

நாலைந்து நாள் கழித்து அவள் ஜுலைகா வீட்டுக்குப் போனாள். கூடத்தில் இடியாப்பத் தட்டுகளுக்கு நடுவில், முறத்தின்மேல் சொட்டாமல் இருக்கக் கைகளுக்கு உறை மாட்டிக்கொண்டு, ஜுலைகா உட்கார்ந்திருந்தாள். அவளும் சமீபமாக அம்சவேணியைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறவள்தான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். படகுல உங்ககூட அவர் இருந்தாரா?"

"யாரு?"

"என் வீட்டுக்காரர்."

ஜுலைகா ரொம்ப நேரம் முறத்தைத் தட்டினாள். "நான் எந்த நடையில வந்தேன், அவர் எந்த நடையோ" என்றாள்.

"நீங்க கடைசி நடை. பக்கிரிசாமிகூட. அதுக்கப்புறம் அண்ணன் யாரையும் கொண்டுவரல. நீங்க வர்றதுக்கு முன்னாடி வந்த எல்லாரையும் நான் கேட்டுட்டேன். அவர்கூட உட்கார்ந்து வந்தவங்கன்னு ஒருத்தர்கூட இல்ல."

ஜுலைகா கையுறையைக் கழற்றினாள். தேங்கியிருந்த தண்ணீர் தரையில் கொட்டியது.

"ரயில்வே பாலத்துமேல நின்னுக்கினு இருந்தாரும்மா. குடை புடிச்சுக்கினு. வேலைக்குப் போயிட்டு வந்தவரு, ஊருக்குள்ள இறங்கவே இல்ல. நாங்க இறங்கினதும் உங்கண்ணன் அவரைப் பார்த்துக் கத்தினான். 'டேய் கிருபா, உங்கம்மா கூரைமேல இருக்குடா, வா, ஒரு பக்கம் நீ புடி, ரெண்டு பேரா போனா தூக்கிரலாம்'னு. இவரு நீச்சல் தெரியாதுன்னாரு. உங்கண்ணன் இடுப்புக்கயித்தக் காட்டி, கட்டிக்கோ வான்னான். இவரு வரல. ரெண்டு அடி பின்னாடி போனாரு. உங்கண்ணன் தனியாத் திரும்பிப் போனான்."

"எங்கே போனான்?"

"எங்க போவான். அந்தம்மாவைக் கூட்டியாரத்தான்."

அடுப்பில் இட்லிக் குண்டான் கொதித்துக்கொண்டிருந்தது. அம்சவேணி எழுந்து அதை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பக்கிரிசாமிக்கும் இது தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும்மா."

"அப்போ என் கல்யாணத்துக்கு வந்து எல்லாரும் பிரியாணி சாப்பிட்டீங்களே அக்கா."

ஜுலைகா அழுதாள். ஏற்கெனவே முகமெல்லாம் வழிந்துகொண்டிருந்ததால் அது தனியாகத் தெரியவில்லை. "உனக்குன்னு யாரும் இல்லாம நின்னே. அவரு வந்து கையைப் புடிச்சாரு. போவட்டும், நல்லா இருக்கட்டும்னு விட்டுட்டோம். அப்புறம் அவரு படகனை வரைய ஆரம்பிச்சாரு, டிவில வந்துச்சு. சரி, மனசாட்சி உறுத்தி நல்லதுதானே பண்றாருன்னு நினைச்சோம்."

"இந்தப் படம் வந்தப்போ?"

ஜுலைகா கழற்றிய உறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். முந்தின வாரம்தான் அவளும், தணிகாசலம் தன்னைப் படகில் ஏற்றும்போது கன்னத்தில் அறைந்ததாக யாரிடமோ சொல்லியிருந்தாள்.

அம்சவேணி வீட்டுக்கு வந்தபோது கிருபாகரன் மேஜைமுன் உட்கார்ந்து இரண்டாம் பாகத்துக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தான். படகனுக்கு இப்போது முகமே இல்லை. கோட்டுக்குள் இருட்டு மட்டும் இருந்தது. அவள் அவனுடைய வலது கையை எடுத்து, வாட்சைக் கழற்றி, மணிக்கட்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மணல் மாதிரி உலர்ந்திருந்தது.

"அம்சா?"

"எங்கண்ணன் இதைத் தொடவே இல்லை."

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விட்டாள்.

"உங்கம்மாவுக்காகத்தான் அவன் கடைசியாப் போனான். நீ அவங்களைக் கூரைமேல வச்சு, அவனைத் திரும்பவச்சு, அவன் வாயாலயே இடமில்லைன்னு சொல்லவச்சுட்டே. நான் பக்கத்துலயே உட்கார்ந்து கைதட்டிக்கிட்டு இருந்தேன்."

கிருபாகரன் பென்சிலை எடுத்தான், வைத்தான். கடைசியில் அவன் கேட்டது இது: "யாரு சொன்னா?"

அவள் அவனுடைய தலையணையையும் போர்வையையும் கொண்டுபோய் வாசல் அறையில் போட்டாள். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஊருக்குத் தெரியாததா?

மறுநாள் விடிந்ததும் குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு செம்பு, இன்னொரு செம்பு, இன்னொரு செம்பு. அவள் வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தான். சட்டை, பேண்ட், வாட்ச் எல்லாவற்றோடும் நனைந்து வெளியே வந்தான்; துவட்டிக்கொள்ளாமல், அவளைப் பார்க்காமல், ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். நிழற்குடைக்குப் போய், ஓரமாகக் கிடந்த நாற்காலி ஒன்றை இழுத்து, சொட்டுகிறவர்களின் வரிசையில் போட்டு உட்கார்ந்தான். எனக்கும் ஆரம்பித்துவிட்டது என்றான். பக்கிரிசாமி நகர்ந்து இடம் கொடுத்தார். ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள், இன்னொரு குடம் நிறையுமே என்று. வரிசையில் முதலில் நின்றவள் ஆசையாக அவன் காலடிக் குடத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் சொட்டியது. பிறகு நிதானித்தது. வெயில் முகத்தில் பட்டதும் சட்டையின் முதுகு வெளுக்கத் தொடங்கி, நின்றுபோயிற்று. குடத்தின் அடியில் இருந்ததை அவள் முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை அடித்தது. அவள் அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் அவன் ஊற்றிக்கொண்டான். தினமும் போய் உட்கார்ந்தான். சாக்கடைத் தண்ணீரை, மீன்காரியின் ஐஸ் தண்ணீரை, ஒருநாள் ஆற்றுக்கே போய் முங்கிவிட்டுக்கூட வந்தான். எதுவும் அவன்மேல் தங்கவில்லை. யாரும் அவனைத் திட்டவில்லை, எழுந்து போ என்று சொல்லவில்லை. நிழற்குடையின் சுண்ணாம்பை யாரும் சுரண்டவுமில்லை. அம்சவேணியிடம் வந்து யாரும் மன்னிப்புக் கேட்கவுமில்லை. தெருப்பிள்ளைகள் திண்ணென்ற குச்சிகளை வைத்துக்கொண்டு ஒருத்தர் விரலை ஒருத்தர் அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கேன் தண்ணீரெல்லாம் குளியலறைச் சாக்கடையில் போய்த் தீர்ந்த ஒரு காலையில், அம்சவேணி பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல்முறையாக அந்த வரிசைக்குப் போனாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிந்ததில் தண்ணீர் வேகமாகச் சொட்டியது. முதல் நாற்காலியில் கிருபாகரன் இருந்தான். தலைமயிர் காய்ந்து நெற்றியில் ஒட்டியிருக்க, காலடிக் குடத்தை இரண்டு கைகளாலும் அவள் பக்கம் தள்ளினான்.

"அம்சா, இதுல கொஞ்சம் இருக்கு" என்றான்.

அவள் குனிந்து குடத்துக்குள் பார்த்தாள். பார்த்துவிட்டு நடந்தாள். பக்கிரிசாமியையும் தாண்டிப் போய் ஜுலைகாவின்முன் நின்றாள். ஜுலைகா நிமிரவில்லை, ஆனால் காலை ஒடுக்கி இடம்விட்டாள். அம்சவேணி குடத்தை வைத்தாள். வெறும் பித்தளையில் முதல் சொட்டு விழுந்தபோது தெருக்கோடிவரை கேட்டது. பின்னால் நாற்காலி நகரும் சத்தமும், யாரோ எழுந்து போகிற காய்ந்த செருப்புச் சத்தமும் வந்தன. குடம் வாய்வரை நிறையும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.